ஆற்றுக்காகப் படித்தேன், ஆலைக்குள் போனேன்

சாயப்பட்டறைகள் மேல் இருந்த கோபத்தில்தான் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலில் சேர்ந்தேன். முதல் சம்பளம் வாங்கியதோ, அதே பட்டறைகள் சேர்ந்து நடத்தும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில். இதை வெளியே சொல்ல ரொம்ப நாள் கூச்சப்பட்டேன்.

எங்கள் ஊர் திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் கரையில். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகள் நீதிமன்றப் படியேறியது ஊரறிந்த கதை. எங்கள் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேலைக்கான கடிதத்தைக் காட்டியபோது அப்பா கேட்டார்: "அவங்ககிட்டயே போறயா கண்ணு?"

அன்று என்னிடம் பதில் இல்லை. உள்ளே போன பிறகுதான் ஆற்றின் பிரச்சினை எனக்கு முழுசாகப் பிடிபட்டது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு தண்ணீரோடு வந்துவிடும். கரிமக் கழிவை பாக்டீரியா தின்றுவிடும், நிறத்தையும் எடுத்துவிடலாம். கரைந்த உப்பு மட்டும் அப்படியே நிற்கும். ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். அந்த எண்ணின் கனம் அங்கேதான் தெரிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஆர்.ஓ.வில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் பட்டறைக்கே திருப்பி அனுப்பியாக வேண்டும் என்றாயிற்று.

காலையில் என் முதல் வேலை, காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு அளவு ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வைப்பது. சகதி அடியில் படிந்து மேலே தெளிந்தால் நிம்மதி. பிறகு ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்ப்பேன். காம்பில் ஒட்டிய மணி மாதிரி வார்ட்டிசெல்லா நிற்கும், தொட்டால் சுருளும். இளநிலை விலங்கியலில் மதிப்பெண்ணுக்காகப் படம் வரைந்த உயிர் அது. ஒருநாள் ஸ்லைடில் ஒன்றுகூட இல்லை. ஏதோ ஒரு பட்டறையிலிருந்து விஷம் கலந்து வந்திருக்கிறது. வரத்தை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் பட்டறைகளில் வேலை நிற்கும், போனுக்கு மேல் போன் வரும். மேலாளரை அழைத்து நுண்ணோக்கியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், வால்வை மூடச் சொன்னார். தொட்டியில் இருந்த பாக்டீரியா தப்பித்தது. இந்த வேலைக்குத்தான் படித்தோம் என்று அன்று மனப்பூர்வமாக நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

இதே படிப்பில் என்னோடு இருந்தவர்கள் வேறு வேறு பக்கம் போனார்கள். சிலர் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களில் இருக்கிறார்கள். சிலர் நெட் தேர்வு எழுதிக் கல்லூரியில் பாடம் நடத்தப் போனார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்றே ஒரு பணியிடம் உண்டு. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருப்பது பெரும்பாடு.

தெரிந்த பிள்ளைகள் யோசனை கேட்டால் பட்டப்படிப்பில் வேதியியலோ விலங்கியலோ எடுக்கச் சொல்கிறேன். சுற்றுச்சூழலை முதுநிலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் கை பழகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தகுதியாகச் சொல்லப்படும் பட்டப்படிப்புப் பாடங்களில் வேதியியல், தாவரவியல், விலங்கியல், இயற்பியல் எல்லாம் உண்டு, சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் இல்லை. காட்டு வேலைக்கு ஆசைப்பட்டு இந்தப் படிப்பில் சேரும் பிள்ளைக்கு இதை முதல் வருஷமே யாராவது சொல்லியாக வேண்டும்.