அப்பா மீண்டும் மாணவர் ஆனார்

"உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்று யாராவது கேட்டால் எங்கள் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். திருச்சியில் 18 ஆண்டுகள் கார் ஓட்டியவர் அவர். தஞ்சாவூர்ச் சாலையில் லாரிகளுக்கு நடுவிலும், சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசலிலும் வண்டியில் ஒரு கீறல் விழாமல் வீடு வந்து சேர்வார். அப்படிப்பட்டவர் அயல்நாட்டில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து படித்த கதையைத்தான் இந்த ஆண்டு மலரில் சொல்லப்போகிறோம்.

அப்பாவின் வேலை காரணமாக 2022 செப்டம்பரில் நாங்கள் கனடாவின் டொராண்டோ நகரில் ஸ்கார்பரோ என்னும் பகுதியில் குடியேறினோம். அப்போது எங்களுள் மூத்தவள் 8ஆம் வகுப்பு, இளையவள் 6ஆம் வகுப்பு. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகச் செல்கின்றன. நாங்கள் பழக்கத்தால் முதலில் வலப்பக்கம் பார்த்துச் சாலையில் இறங்குவோம். வண்டியோ இடப்பக்கமிருந்து வரும்! அம்மா எங்கள் இருவர் கையையும் பிடித்து இழுத்த நாட்கள் உண்டு.

அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். அதில் ஸ்டியரிங் இடப்பக்கம். திரும்புவதற்கு விளக்குப் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டுவிடுவார். நல்ல வெயிலில் கண்ணாடி மும்முரமாகத் துடைக்கப்படும். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அந்த ஒண்டாரியோ மாகாணத்தில் ஒரு சட்டம் உண்டு. புதிதாகக் குடியேறியவர் தம் சொந்த நாட்டு உரிமத்தைக் கொண்டு 60 நாட்கள் மட்டுமே ஓட்டலாம். அதற்குள் அந்த மாகாணத்து உரிமம் பெற்றாக வேண்டும். முதற்படி எழுத்துத் தேர்வு. சாலைக் குறிகளைப் பற்றி 20 கேள்விகள், விதிகளைப் பற்றி 20 கேள்விகள். ஒவ்வொன்றிலும் 16 சரியாக இருக்க வேண்டும். "எனக்கா பரீட்சை?" என்று அப்பா அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். நாட்கள் ஓடின.

நவம்பர் தொடக்கத்தில் 61ஆம் நாள் விடிந்தது. வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா காலை 6 மணிக்கு வேலையில் இருக்க வேண்டும். சாவி மாட்டிய இடத்தில் இல்லை. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"இன்னைக்கு ஒரு நாள்தானே? யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அப்பா.

"நமக்குத் தெரியுமேங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் நம்மளைக் கேட்கமாட்டானா? அதைவிடுங்க. பிள்ளைங்க ரெண்டும் முழிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கு" என்றார் அம்மா.

அப்பா எங்களைப் பார்த்தார். நாங்கள் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டோம். ஒன்றும் பேசாமல் அவர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். இரண்டு பேருந்து மாறி அவர் வேலைக்குப் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. அன்றைக்கு அரைநாள் கூலி போயிற்று. இரவு அவர் வந்தபோது காலணி நனைந்து பாதம் விறைத்திருந்தது. அம்மா சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார். இருவரும் சண்டை போடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அப்பா, "அந்தப் புத்தகத்தை எடுங்கம்மா" என்றார்.

அன்று முதல் நாங்கள் ஆசிரியைகள், அப்பா மாணவர்! அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாமாம். ஆனால் குறிகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்திலேயே எழுதுவேன் என்றார். தினமும் இரவு நாங்கள் கேள்வி கேட்போம். தப்பாகச் சொன்னால் மதிப்பெண் குறைப்போம். இரண்டு வாரத்தில் தேறினார்.

கிடைத்தது ஜி1 என்னும் பழகுநர் உரிமம். அதை வைத்துக்கொண்டு தனியாக ஓட்டக் கூடாது. குறைந்தது 4 ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் அமர வேண்டும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட்டவே கூடாது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து மாமா மனமுவந்து துணைக்கு வந்தார். "தம்பி, உங்களுக்குக் கார் ஓடத் தெரியும். இந்த ரோட்டைத்தான் இன்னும் தெரியாது. பழகுவம், வாங்கோ" என்பார்.

ஒரு நாள் பின்னிருக்கையில் நாங்களும் இருந்தோம். எதிர்ப்பக்கத்தில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஒன்று நின்று சிவப்பு விளக்குகளைச் சிமிட்டியது. அது எதிர்ப்பக்கம்தானே என்று அப்பா மேலே போகப் பார்த்தார். "நில்லுங்கோ தம்பி!" என்று மாமா கத்தினார். வண்டி குலுங்கி நின்றது. மறுகணம் நீலக் குல்லாய் அணிந்த ஒரு சிறுபிள்ளை பேருந்தின் முன்னாலிருந்து குடுகுடுவென்று ஓடி, எங்கள் காருக்கு நேர் எதிரே சாலையைக் கடந்தது. நடுவில் தடுப்பில்லாத சாலையில், பள்ளிப் பேருந்து அப்படி நின்றால் இரு திசை வண்டிகளும் நின்றாக வேண்டும். ஏன் இந்தச் சட்டம் என்பது எங்களுக்கு அன்று விளங்கியது. அப்பாவின் கை வெகுநேரம் நடுங்கியது. அதன்பின் "எனக்கா பரீட்சை?" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஊரிலிருந்து அனுபவச் சான்று வந்ததால், நீண்ட காலம் காத்திராமல் 2023 ஜனவரியில் சாலைத் தேர்வுக்குப் போனார். தோற்றுவிட்டார்! 'நில்' என்ற பலகையருகே சக்கரம் முழுதாக நிற்கவில்லையாம். தடம் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தாரே தவிர, தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லையாம். ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? மறுபடி பழகினார். வெறிச்சோடிய தெருவிலும் பலகையைக் கண்டால் முழுதாக நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாங்கள் எண்ணியபின் கிளம்புவார். பிப்ரவரியில் தேறினார். அன்று அம்மா கேசரி கிண்டினார். முதல் கிண்ணம் மாமா வீட்டுக்குப் போயிற்று.

2024 ஜூனில் நாங்கள் ஊர் திரும்பி, மீண்டும் நம் பள்ளியில் சேர்ந்தோம். முதல் வாரமே உறவுக்கார அண்ணன் ஸ்கூட்டர் சாவியை எங்களுள் மூத்தவளிடம் நீட்டினார். "தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டு வா. யாருக்குத் தெரியப்போகுது?" அவளுக்கு வயது 15. ஆசையில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கொட்டும் பனியில் குடையோடு நடந்த அப்பாவின் முதுகு எங்கள் இருவர் கண்முன்னும் வந்தது. "18 வயசு ஆகட்டும் அண்ணா" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தோம்.

தோழியரே, காலையில் நம் பள்ளி வாசலில் எத்தனை வண்டிகள் முட்டி மோதுகின்றன! அங்கே காவலர் நின்றாலும் நிற்காவிட்டாலும், சாலையைக் கடப்பது யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. அதை நினைத்தால் கால் தானாகவே பிரேக்கை நாடும்.

— சகோதரிகள் இருவர், 10ஆம் வகுப்பு, 8ஆம் வகுப்பு