தவிற் கூடும் வளரும் கையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே செல்லும்போது வரும் இணுவில், அதற்கு அப்பால் உள்ள மருதனார்மடம், அவற்றை ஒட்டிக் கிடக்கும் உடுவில் ஆகிய ஊர்கள், வலிகாமம் தெற்கு எனவும் உடுவில் எனவும் வழங்கும் ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் இன்று அடங்குகின்றன. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையைக் கொண்டே இவ்வட்டாரத்தைக் கல்வி வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகின்றன. கரும்பலகையோ பரீட்சைத் தாளோ இல்லாத இன்னொரு கல்வி மரபும் இதே மண்ணில் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. அது நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரியமேள மரபு. கோயில் வாத்தியமான இதனை, ஆடலுக்குரிய சின்னமேளத்திலிருந்து பிரித்துக் காட்டவே இப்பெயர் ஏற்பட்டது. மாணவன் எப்போது வளர்ந்தான் என்பதை மாணவனே அறிய முடியாத முறையில் அக்கல்வி அமைந்திருப்பது தனியே ஆராயத்தக்கது.

தவிலின் கட்டை, அதாவது உடற்பகுதி, பலா மரத்தின் ஒரே துண்டைக் குடைந்து செய்யப்படுவது. அதன் இரு வாய்களில் அகன்றதும் உச்ச ஒலி தருவதுமான பக்கம் வலந்தலை எனப்படும். குறுகியதும் தளர்வாகக் கட்டப்படுவதுமான பக்கம் தொப்பி எனப்படும். தொப்பியின் உட்புறத்தில் ஆமணக்கெண்ணெய் முதலியன சேர்ந்த பசை பூசப்படுவதால் அதன் ஒலி ஆழம் பெறுகிறது. தோலை வளையத்தில் ஏற்றி, வாரை இழுத்து முறுக்கும் வேலையை வார் பிடித்தல் என்பர். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து விடுவதாலும், இழுவை ஒருபுறம் மிகுந்தால் நாதம் கெட்டுவிடுவதாலும், அது அனுபவம் மிகுந்த கைகளுக்கே உரிய வேலையாக இருந்தது. உலோகச் சட்டமும் திருகாணியும் வந்தபின் அவ்வேலையின் கடினம் பெரிதும் குறைந்துவிட்டது. தோலைப் பதப்படுத்துவது முதலான ஏனைய படிகள் இக்கட்டுரையின் பொருளுக்கு வேண்டாதவை.

வேண்டியது கூடு. தவிற்காரர் தொப்பியைப் பூவரசங் கழியால் அடிக்க, வலந்தலையை வெறுங்கையால் அன்றி, விரல்களில் மாட்டிய கடினமான உறைகளால் வாசிக்கின்றனர்; இவ்வுறைகளே கூடு எனப்படுகின்றன. துணிநாடாவில் பசை தடவி, விரலின்மீது சுற்றி, காயவிட்டு, மீண்டும் தடவிச் சுற்றி இதனைச் செய்வர். பசைக்குச் சோறும் சுண்ணாம்பும் பயன்பட்டுவந்தன. கோதுமை மா எளிதில் கிடைக்கத் தொடங்கியபின் அதுவும் அவ்வேலைக்கு வந்தது. கூடு அவரவர் விரலின் அளவுக்கே உருவாவதால் ஒருவருடையது மற்றவருக்குப் பொருந்துவதில்லை. கழியையும் கட்டையையும் வாரையும் கடன் வாங்கலாம். கூட்டை வாங்க முடியாது. பயிலும் சிறுவனுக்கு இதில் இன்னொரு விளைவும் உண்டு: முந்திய திருவிழாக் காலத்தில் இலகுவாக ஏறிய கூடு அடுத்த ஆண்டில் விரலின் கணுவுக்கு மேலே நின்றுவிடும்போது, தன் கை வளர்ந்திருப்பதை அவன் முதன்முறையாக ஐயமின்றிக் காண்கிறான். வாசிப்பின் வளர்ச்சிக்கு இத்தகைய சாட்சி எதுவும் அவன் கையில் இல்லை.

இம்மரபில் பிள்ளை பெரும்பாலும் தந்தையிடமோ உறவினரிடமோ தொடங்கி, பின்னர் வேறொரு வித்துவானிடம் சேர்க்கப்படுகிறான். சொற்கட்டுகளை, அதாவது அடிகளுக்குரிய ஒலிக்குறிப்புகளை, வாயால் சொல்லிப் பழகுவதும், அவற்றை மெதுவான காலத்தில் கையில் இறக்குவதும், பின் அதையே இரண்டாம், மூன்றாம் காலங்களில் வாசிப்பதும் அன்றாடச் சாதகமாகின்றன. கச்சேரிக்குச் செல்லும்போது அவன் தாளம் போடுகிறான், வாத்தியத்தைத் தூக்குகிறான், பின்வரிசையில் அமர்ந்து கேட்கிறான். இந்தக் கேட்டலே அவனது மனக்குழப்பத்துக்கும் காரணமாகிறது. இரவு முழுதும் முதிர்ந்த கைகளைக் கேட்கும் பிள்ளையின் காது அவனது கையைவிட வேகமாக வளர்கிறது. ஆறு மாதங்களுக்கு முன் தன் வாசிப்பில் அவன் உணராத பிசகுகள் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. ஆகவே உண்மையில் முன்னேறிக்கொண்டிருக்கும் வேளையிலேயே தான் பின்னடைவதாக அவன் நம்புகிறான். தன் வளர்ச்சியைப் பற்றிச் சாட்சி சொல்ல மிகவும் தகுதியற்றவர் அந்த வளர்ச்சிக்கு உள்ளானவரே என்று கருத இது இடமளிக்கிறது. ஆசிரியர் புகழ்வதில் காட்டும் கஞ்சத்தனத்தைப் பலர் மரபின் கொடுமையாக எழுதியுள்ளனர். அதில் கொடுமையும் உண்டுதான். ஆனால் சொல்லால் தராத மதிப்பீட்டை ஆசிரியர் இருக்கையால் தந்துவிடுகிறார். பின்வரிசையிலிருந்தவனை ஒரு நாள் எதுவும் கூறாமல் பக்கத்தவிலாக அமர்த்துவது, சிறிய கோயிலொன்றின் காலைப் பூசைக்கு அவனைத் தனியே அனுப்புவது ஆகியவற்றுக்குச் சான்றிதழ் கிடையாது. ஊர் மட்டும் கவனிக்கிறது.

கற்றலின் இத்தகைய மௌனக் காலங்களை மேற்கத்திய உளவியல் தந்தி நிலையங்களில் கண்டது. அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்னும் இருவர் மோர்ஸ் தந்தி பயில்வோரை ஆராய்ந்து 1897இலும் 1899இலும் வெளியிட்ட கட்டுரைகளில், செய்தியைக் கேட்டு வாங்கும் வேகம் சிலகாலம் ஏறி, பின் நெடுநாள் அசையாமல் நின்று, மறுபடியும் ஏறுவதைக் காட்டினர். அசையாத அக்காலத்தில் எழுத்துகளை வாங்கும் பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது என்றும், அது முடிந்த பின்னரே சொற்களையும் தொடர்களையும் மொத்தமாக வாங்க இயலுகிறது என்றும் அவர்கள் விளக்கினர். எல்லோருக்கும் இத்தேக்கம் நேரும் என்பதைப் பின்வந்த ஆய்வாளர் ஏற்கவில்லை. 1958இல் ஃபிரெட் கெல்லர் அதனை மாயத் தோற்றம் என்றே எழுதினார். இந்த மறுப்பைத் தவிற்பயிற்சிக்கு நம்பிக்கை தரும் செய்தியாகவே கொள்ளலாம்: தேக்கம் என்று உணரப்படுவதெல்லாம் தேக்கமாக இருக்கவேண்டியதில்லை.

இணுவிலைப் பற்றி எழுதும் எவரும் தெட்சணாமூர்த்தியைத் தாண்டிச் செல்ல முடியாது. 1933இல் இவ்வூரில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்து 1975இல் மறைந்த அவர், ஈழத்தின் பெயரைத் தமிழ்நாட்டு நாதஸ்வர உலகில் நிலைநிறுத்தியவர். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிறவி மேதை, தெய்வ அருள் என்னும் சொற்களிலேயே நின்றுவிடுகிறது. அவருக்குக் கிடைத்த அருள் எதுவாயினும், தந்தையின் வீட்டில் நாள்தோறும் கேட்ட தவிலும், பின்னர் தமிழ்நாட்டில் நாச்சியார்கோயில் இராகவப் பிள்ளையிடம் பெற்ற பயிற்சியும் அப்பேச்சில் மங்கிவிடுகின்றன. மேதையை இவ்வாறு போற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணப்பட்டாலும், பின்னால் வரும் பிள்ளைக்கு அது ஒரு தீங்கு. ஒரே இரவில் வராத கை தனக்கு என்றுமே வராது என்ற முடிவுக்கு அவனை அது தள்ளுகிறது.

வளர்ச்சியை அளந்து காட்டும் ஏற்பாடுகளும் இதே வட்டாரத்திலேயே உருவாயின. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை இசையிலும் நடனத்திலும் தரம் தரமாகப் பரீட்சை வைத்து, இறுதியில் கலாவித்தகர் பட்டம் வழங்கும் முறையை நிலைநாட்டியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் தொடங்கிய பெண்கள் கல்லூரியின் சூழலில் மருதனார்மடத்தில் இசைக்கல்லூரி எழுந்து, மகாராஜபுரம் சந்தானம் போன்றோரை அதிபராகக் கொண்டு, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவாயிற்று. பெரியமேளச் சாதி வட்டத்துக்கு வெளியே இசையைக் கொண்டுசென்ற பெருமை இத்தகைய நிறுவனங்களுக்கு உண்டு. ஆனால் தரச் சான்றிதழ் பரீட்சை நாளில் என்ன நடந்தது என்பதை மட்டுமே பதிவுசெய்கிறது. இரு பரீட்சைகளுக்கு இடையே கையில் நிகழ்வதைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை.

அந்த இடைக்காலத்துக்கு யார் சோறு போடுவது என்பதே இன்றைய சிக்கல். பல செட்டுகள், அதாவது மேளக் குழுக்கள், ஒரே வீதியில் விடியவிடிய மோதி வாசிக்கும் மேளச்சமா வழங்கிய காலத்தில், பின்வரிசையில் தாளம் போட்ட பெடியனுக்குச் சிறிதேனும் பங்கு கிடைத்தது; அதைவிட, கேட்பதற்கு ஓர் இரவு முழுதும் கிடைத்தது. இன்று சில இடங்களில் மணவறை, பந்தல், வீடியோ ஆகியவற்றோடு மேளத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்து எடுக்கும் இடைத்தரகர், செட்டுக்கு ஒரு தொகையைப் பேசி, முகூர்த்தத்தை ஒட்டிய சில மணி நேரத்துக்கு மட்டும் அழைக்கின்றனர். அத்தொகையில் நான்காவது, ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. வித்துவானின் கூலியில் எவ்வளவு குறைந்தது என்பதைக் கணக்கிடலாம். பின்வரிசை இல்லாமற் போனதால் எத்தனை கைகள் உருவாகாமற் போயின என்பதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. பத்து ஆண்டு உழைப்பின் விளைவைச் சில மணி நேரத்துக்குப் பேரம் பேசி வாங்குபவர், அந்தப் பத்து ஆண்டில் ஒரு நாளுக்கும் பொறுப்பேற்காமல் தன் பங்கை எடுத்துக்கொள்வதை வணிகம் என்ற பெயரால் ஏற்க இயலாது. உபயகாரர்கள், அதாவது திருவிழா நாளொன்றின் செலவை ஏற்கும் குடும்பத்தினர், செட்டோடு வரும் பயிலுநருக்கென ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கினால் நிலைமை ஓரளவு மாறும்.

1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்ததையும், போர்க்காலம் முழுவதும் கலைஞர்கள் புலம்பெயர்ந்ததையும் தொடர்ந்து, இம்மரபின் ஒரு பகுதி லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் போன்ற நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்துள்ளது. அங்கே பிள்ளைகள் வார இறுதி வகுப்புகளில் பயில்கின்றனர். தாளம் போட்டுக்கொண்டு விடியவிடியக் கேட்க அவர்களுக்குத் திருவிழா இரவுகள் அரிதாகவே வாய்க்கின்றன. இடையிடையே தொலைபேசியில் பதிவுசெய்து ஓராண்டுக்குப் பின் மீண்டும் கேட்கும் வசதி மட்டும் அவர்களுக்குப் புதிதாகக் கிடைத்துள்ளது. நேற்றைய பதிவோடு இன்றையதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியாது. சென்ற ஆண்டினதை ஒப்பிட்டால், பழைய கூடு காட்டியதைப் போல மறுக்க முடியாத சான்று கிடைக்கிறது. எனினும் அரங்கேற்ற வழக்கம் வலுத்துள்ள அந்நகரங்களில் மண்டபத்துக்கான திகதி பல குடும்பங்களில் முதலில் குறிக்கப்படுகிறது. பிள்ளையின் கை அந்தத் திகதிக்குள் வந்து சேரும் என்று பின்னர் எதிர்பார்க்கப்படுகிறது.