தத்தாமல் ஓடிய படம்

ரிமோட்டை அழுத்தினால் 4கே படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உள்ளே எந்தச் சில்லு உழைக்கிறது என்று இன்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. என் மாலைகள் பல அந்தக் கேள்வியிலேயே கழிந்தவை.

டிவிடி வந்த புதிதில் எம்பெக்-2 முறையில் சுருக்கிய படத்தை விரித்துக் காட்டுவது கம்ப்யூட்டருக்குப் பெரிய பாரம். அதற்கென்றே தனி கார்டு விற்றார்கள். சிக்மா டிசைன்ஸின் ‘ஹாலிவுட் பிளஸ்’ அப்படி ஒன்று. மானிட்டருக்குப் போகும் கேபிள் முதலில் அந்தக் கார்டுக்குள் நுழையும். வழியிலேயே அது தன் படத்தைக் கலந்துவிடும். பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்திப் பார்த்தால் படம் ஓடிய இடத்தில் வெறும் நிறக் கட்டம்தான் பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டரே பார்க்காத படத்தை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்புறம் வந்தது எக்ஸ்பிஎம்சி என்ற மீடியா பிளேயர் மென்பொருள். 733 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 64 எம்பி ரேமும் கொண்ட முதல் எக்ஸ்பாக்ஸ், விளையாட்டுக்காக விற்ற பெட்டி. ஆர்வலர்கள் இந்த மென்பொருளைப் போட்டு அதற்குள் ஒரு சினிமா கொட்டகையையே குடிவைத்தார்கள். டிவிடியும் டிவ்எக்ஸும் அழகாக ஓடின. ஹெச்டி தரத்தில் எச்.264 வந்தபோதுதான் அது மூச்சுத் திணறியது. முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களிலிருந்து பெரும்பாலான ஃபிரேம்களைக் கணக்குப் போட்டுக் கட்டியெழுப்ப வேண்டிய முறை எச்.264.

ஆட்டம் பிராசஸர் போட்ட சின்னக் கம்ப்யூட்டர்களிலும் அதே கதை. வசனம் முன்னே போகும், உதடு பின்னால் அசையும். “ஏன்டா, படம் தத்தித் தத்திப் போகுது?” என்பார் அப்பா, ஈஸி சேரில் இருந்தபடி.

2008 நவம்பரில், படத்தை விரிக்கும் வேலையை கிராபிக்ஸ் சில்லிடம் ஒப்படைக்கும் விடிபிஏயுவை என்விடியா லினக்ஸுக்குத் தந்தது. அடுத்த ஆண்டு, ஆட்டம் பிராசஸரோடு என்விடியாவின் கிராபிக்ஸ் சில்லைச் சேர்த்த அயான் வந்தது. டிவியின் முதுகில் மாட்டிவிடக்கூடிய ஏசர் ரெவோவில் இருந்தது அதே 1.6 கிகாஹெர்ட்ஸ் ஆட்டம்தான். ஆனால் படத்தை விரிக்கும் வேலையை கிராபிக்ஸ் சில்லு வாங்கிக்கொண்டது. 1080பி படம் ஓட, பிராசஸர் ஏறக்குறைய சும்மா இருந்தது. அப்பாவின் கேள்வியும் நின்றது.

படத்தை விரிக்கும் வேலைக்கென்றே வந்த இன்னொன்று பிராட்காமின் கிரிஸ்டல் ஹெச்டி கார்டு. அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். 2007இல் வந்த முதல் ஆப்பிள் டிவியில் 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம். 1080பிக்கு அது எந்த மூலைக்கு? வைஃபை கார்டைக் கழற்றி அதே இடத்தில் கிரிஸ்டல் ஹெச்டி கார்டைச் செருகினார்கள், ஓடியது. பெட்டியைத் திறக்க முடிந்தது, உள்ளே ஒரு ஸ்லாட் இருந்தது, அதனால் அந்தப் பெட்டிக்கு மறுவாழ்வு கிடைத்தது. இன்றைய ஸ்ட்ரீமிங் குச்சிகளில் எல்லாம் ஒரே சில்லில் அடக்கம். நாம் கைவைக்க ஒன்றும் இல்லை. வேகம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். கைவைக்கும் உரிமை போனதை மட்டும் இழப்பு என்றே சொல்வேன்.

2014இல் எக்ஸ்பிஎம்சி, கோடி என்று பெயர் மாறியது. மறு ஆண்டே விண்டோஸ் 10, தன் மீடியா சென்டர் மென்பொருளைக் கைவிட்டது. 2023இன் ராஸ்பெர்ரி பை 5 என்ற சின்னக் கம்ப்யூட்டரில் எச்.264க்கென்று வன்பொருள் டிகோடரே இல்லை. வேகம் கூடிவிட்ட பிராசஸர் தானே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் அயான் பெட்டி ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய டிவிடிகளை அது இன்றைக்கும் தத்தாமல் ஓட்டும்.