உங்க பெயருக்கு எத்தனை கட்டம்னு முடிவு பண்றது யாரு?

1/ ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிசல்ட் இன்னொரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குப் புரியணும்னா, ரெண்டுக்கும் பொதுவா ஒரு தரம் வேணும். அந்தத் தரத்தை எழுதுற இடத்தில் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு ஒரு த்ரெட். கொஞ்சம் டெக்னிகல்தான், ஆனா உங்க பெயர் வரைக்கும் வரும்.

2/ அமைப்பின் பெயர் ஹெச்எல்7. 1987-ல் அமெரிக்காவில் தொடங்கியது. தலைமையகம் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர். இன்னைக்குப் பெயரிலேயே 'இன்டர்நேஷனல்' இருக்கு. இந்தியா உட்பட பல நாடுகளில் கிளைகள் உண்டு. நம்ம ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் ஆவணப் பரிமாற்றத்துக்கு இவங்களோட 'ஃபயர்' தரத்தைத்தான் பயன்படுத்துது.

3/ இவங்களோட பழைய வெர்ஷன் 2-ல் நோயாளி விவரப் பகுதியைப் பாருங்க. அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குன்னே ஒரு கட்டம். டிரைவிங் லைசன்ஸுக்கு ஒண்ணு. இனத்துக்கு ஒண்ணு. எழுதினவங்க மேல தப்பு இல்ல. அவங்க ஊர் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரை மனசுல வச்சு எழுதினாங்க.

4/ 2011-ல் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் கிரீவ் ஃபயருக்கு அடித்தளம் போட்டார். இதில் சோஷியல் செக்யூரிட்டிக்குத் தனிக் கட்டம் கிடையாது. எந்த நாட்டு எண்ணா இருந்தாலும், கொடுத்தது யாருன்னு சேர்த்து எழுதலாம். இனம் பற்றிய தகவல் அமெரிக்காவுக்கான தனி இணைப்புக்குப் போயிடுச்சு. அவர் ஒருத்தரால் மட்டும் நடந்ததுன்னு சொல்லல. பல நாட்டுக்காரங்க சேர்ந்து எழுதும்போது இது நடக்குது.

5/ பெயர் விஷயத்தில் இன்னும் தெளிவாத் தெரியும். ஸ்பானிஷ்காரங்களுக்கு அப்பா வழி, அம்மா வழின்னு ரெண்டு குடும்பப் பெயர். டச்சுக்காரங்களுக்குப் பெயர் முன்னால 'வான்' மாதிரி ஒட்டு. ரெண்டுக்கும் ஃபயரில் முறையான ஏற்பாடு இருக்கு. உள்ளே இருந்து கேட்க ஆள் இருந்தா இதெல்லாம் வரும்.

6/ நமக்கு? குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். ஃபயர் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கல. முழுப் பெயரை அப்படியே எழுதவும் இடம் இருக்கு. ஆனா பல மென்பொருள் 'லாஸ்ட் நேம்' இல்லாம அடுத்த பக்கம் போகாது. ஆக, ஆர். முருகன், முருகன் ராமசாமி, ராமசாமி முருகன்னு ஒரே ஆளுக்கு மூணு ரெக்கார்டு. பெனிசிலின் அலர்ஜி அதில் ஒண்ணுல மட்டும் இருக்கும். டியூட்டி டாக்டர் திறக்கிறது வேற ஒண்ணா இருந்தா? பயம் அதுதான்.

7/ 'கதவு திறந்துதானே இருக்கு, யார் வேணா வரலாமே?' நியாயமான கேள்வி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மதியம் 3 மணி மீட்டிங்னா, கோடைக்காலக் கணக்கில் நமக்கு நள்ளிரவு 12.30. காலையில் ஓபி பார்க்கணும். வேலை முழுக்கத் தன்னார்வம். அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி, விசா, விமான டிக்கெட் எல்லாம் அமையணும். பல வருஷம் குழுக்களில் முகம் தெரிஞ்சவங்கதான் தேர்தலில் ஜெயிப்பாங்க. தலைமைக்கான வடிகட்டி அங்கேயே ஆரம்பிச்சிடுது.

8/ மறுபக்கமும் சொல்லணும். உழைப்பும் பணமும் பெரும்பகுதி அமெரிக்காவுடையது. 2013-ல் தரங்களை இலவசமாத் திறந்து விட்டதும் இதே அமைப்புதான். நன்றி உண்டு. ஆனா உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒண்ணை எழுதும்போது, உலகமும் நிர்வாகத்தில் இருக்கணும்.

9/ முடியாத காரியமும் இல்ல. மருத்துவச் சொற்களுக்கான ஸ்நோமெட் தரம் அமெரிக்க நோயியல் மருத்துவர் கல்லூரியிடம் இருந்தது. 2007-ல் ஒன்பது நாடுகள் சேர்ந்த அமைப்பு அதை வாங்கியது. இப்போ உறுப்பு நாடு ஒவ்வொண்ணுக்கும் பொதுச்சபையில் ஒரு பிரதிநிதி. கட்டணம் நாட்டின் வருமானத்தைப் பொறுத்து. 2014-ல் இந்தியாவும் சேர்ந்தது.

10/ ஹெச்எல்7-லும் நிர்வாகக் குழுவில் கண்டம் வாரியா இடம், சுழற்சி முறையில் மீட்டிங் நேரம், ஏழை நாட்டுக்காரங்களுக்குப் பயணச் செலவு, இந்த மூணும் வேணும். அதே சமயம் நம்ம ஆஸ்பத்திரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் இதை 'ஓய்வு நேரப் பொழுதுபோக்கு'ன்னு பார்க்காம, வேலை நேரமாக் கணக்கில் எடுக்கணும். இடம் கொடுத்தும் நாம போகலன்னா யாரைக் குறை சொல்றது?

11/ அதுவரை உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஆஸ்பத்திரி போனாலும் அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே பெயர் கொடுங்க. அலர்ஜி இருந்தா, கம்ப்யூட்டரில் இருக்கும்னு நம்பாம டாக்டர்கிட்ட வாயால சொல்லுங்க.