முன்வரிசைக்கு வந்த மட்கடம்

ராக் இசை என்றவுடன் நம் பெரியோருள் பலர் காதைப் பொத்திக்கொள்வர். மின்கித்தாரின் அலறலும், முரசங்களின் இடியும், நீள்முடி இளைஞர்தம் ஆரவாரமுமே அவ்விசை என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும், ஏறத்தாழ நாற்பதாண்டுகளாக அவ்விசையை விரும்பிக் கேட்டு வருபவன் என்னும் உரிமையில் சில கூற விழைகின்றேன். தமிழ்த்துறை மலரில் ராக் இசைக்கு என்ன வேலை என்று வினவுவோர் சற்றே பொறுத்தருள்க.

நான் பிறந்து வளர்ந்த ஊர் விருத்தாசலம். தேவாரம் திருமுதுகுன்றம் என்று போற்றும் பழம்பதி, மணிமுத்தாற்றங்கரையில் உள்ளது. இரயில் பயணிகளுக்கு அது ஒரு சந்திப்பு நிலையம். எங்களுக்கோ அது பீங்கான் ஊர். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தை அகழும்போது மேலடுக்குகளில் கிடைக்கும் களிமண், எங்களூர்ச் சூளைகளில் கோப்பையாகவும் ஊறுகாய் ஜாடியாகவும் பொம்மையாகவும் உருமாறும். என் அத்தா அத்தகைய சூளை ஒன்றில் பணிபுரிந்தார். சூடு ஆறி இறங்கிய கோப்பைகளை ஒவ்வொன்றாக விரல்நுனிகளில் ஏந்தி, சிறு மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பது அவர் வேலையின் ஒரு பகுதி. நன்கு வெந்த கோப்பை மணிபோல ஒலிக்கும். அவ்வொலி சற்று நேரம் நீளும். கண்ணுக்குப் புலப்படாத மயிரிழைக் கீறல் இருப்பின், அதிர்வு அக்கீறலிலேயே அடங்கி ஒலி மழுங்கிவிடும். இசை என்று எதனையும் முறையாகப் பயிலாத அவர், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான ஒலிகளைத் தரம் பிரித்தார். ஆனால், மண்ணில் உழல்பவருக்கு ஊரில் என்ன மதிப்பு உண்டோ அதுவே அவருக்கும் இருந்தது.

எண்பதுகளில், வளைகுடா நாட்டில் பணிபுரிந்த என் பெரியத்தா மகன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒலிநாடாக்களைக் கொண்டுவருவார். அவை வழியாகவே இவ்விசை எனக்கு அறிமுகமாயிற்று. பிங்க் ஃப்ளாய்டு குழுவினரின் 'த டார்க் சைடு ஆஃப் த மூன்' (1973) என்னும் தொகுப்பைக் கேட்டபோது, இசைத்தொகுப்பு என்பது பாடல்களின் மூட்டையன்று, காப்பியம்போல் தொடக்கமும் ஒழுக்கும் முடிவும் உடையது என்று கண்டேன். அதிலிருந்து ஒரு பாடலைத் தனியே பிரித்துக் கேட்பது, ஒரு காதையை மட்டும் படித்துவிட்டுச் சிலம்பைக் கற்றேன் என்பது போன்றது. லெட் செப்பலின் குழுவின் நான்காம் தொகுப்பில் (1971) முழவுக் கலைஞர் ஜான் பான்ஹாமின் கை எனக்கு மிக விருப்பம். பாடகரின் கூவலைச் சகித்துக்கொண்டேன்.

பீட்டில்ஸ் குழுவினர் மீது எனக்குச் சிறு மனக்குறை உண்டு. ஜார்ஜ் ஹாரிசன் 1965இல் குழுவின் பாடலொன்றில் சித்தாரைச் சேர்த்தார். 1967இல் வந்த 'சார்ஜெண்ட் பெப்பர்' தொகுப்பில் இந்தியக் கருவிகளை முதன்மையாகக் கொண்டு ஒரு பாடலை அமைத்தார். அவருடைய ஆர்வம் மெய்யானது. ரவிசங்கரிடம் அவர் பணிவுடன் பயின்றார். அவரைப் பின்பற்றிய பிற குழுவினர் கைகளிலோ நம் கருவிகள் ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ளப்பட்டன. சித்தார் ஒரு மணம், அவ்வளவே.

இந்நிலை மாறியது 'சக்தி' என்னும் குழுவினால் என்பது என் துணிபு. ஜான் மக்லாஃப்லின் என்னும் ஆங்கிலேயர் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் செவி பிளக்கும் மின்கித்தார்க் குழு நடத்திப் பெரும்புகழ் கண்டவர். அவர் அம்மின்கருவியைக் கீழே வைத்துவிட்டு, நம் கலைஞர்களுடன் தரையில் அமர்ந்தார். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கர் வயலின், உஸ்தாத் அல்லா ரக்காவின் மைந்தர் ஜாகிர் உசேன் தபலா, சென்னை டி.எச். விநாயக்ராம் கடம். மக்லாஃப்லினுக்கெனச் செய்யப்பட்ட கித்தாரில் சுதிக்காக ஏழு கம்பிகள் குறுக்காகப் பூட்டப்பட்டிருந்தன. மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்திருந்தமையால், கம்பியை அழுத்தி, வீணையிற்போலக் கமகம் எழுப்ப முடிந்தது. தம் கருவியை நம் இசைக்கேற்ப வளைத்தவர் அவரே.

அவர்தம் முதல் தொகுப்பு, 1975 சூலை 5 அன்று அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் அவையோர் முன்னிலையில் பதிவானது. அதில் மூன்றே உருப்படிகள். இறுதி உருப்படி மட்டும் அரை மணி நேரத்தை நெருங்கும். ஓட்டம் மிகுதி, ஓய்வு குறைவு. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' (1976) என்னும் இரண்டாம் தொகுப்பே இவற்றுள் தலையாயது என்பேன். அதன் முதல் உருப்படி கொன்னக்கோலில் தொடங்குகிறது. சொற்கட்டு முடிந்து கருவிகள் எழும் இடத்தில் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும். 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' (1977) உருப்படிகளைச் சுருக்கி இனிமை கூட்டியது. விற்பனையை எண்ணிச் செய்தனரோ என்ற ஐயம் எனக்குண்டு. அதன்பின் குழு கலைந்தது.

இது ராக் இசையா என்று கேட்பவர் உளர். மின்கித்தார் இல்லை, முரசுத்தொகுதி இல்லை. ராக் இசையின் உயிர் குழுவே. நால்வரும் நிகராக நின்று ஒருவரை ஒருவர் உந்துவதே. நம் கச்சேரி மரபில் கடம் உபபக்கவாத்தியம். பாடகர், வயலின், மிருதங்கம் ஆகிய மூன்றற்கும் பின்னரே அதற்கு இடம். தனியாவர்த்தனத்தில் கிடைக்கும் சில நிமிடங்களே அதற்குரியவை. சக்தியில் அம்மட்கடம் முன்வரிசையில் அமர்ந்து கித்தாரோடு வாதிட்டது. சிலப்பதிகார அரங்கேற்று காதையை நினைவுகூர்க: தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். மாதவியின் ஆடலுக்குத் துணைநின்றோர் என்று ஒரு சொல்லில் அவர்களை முடித்துவிடவில்லை.

ஒருநாள் இரவு, வேலை முடிந்து திரும்பிய அத்தா திண்ணையில் அமர்ந்திருந்தபோது அந்நாடாவைப் போட்டேன். வழக்கமாக, "அந்த இரைச்சலை நிறுத்தப்பா" என்பார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரங்கழித்து, "அது என்ன பானை?" என்றார். கடம் என்றேன். "நம்ம சரக்கு மாதிரி உயர்ந்த சூட்டில் வெந்தது இல்லை. ஆனா சுவர் எங்கேயும் மெலியலை, ஒரே சீரா இருக்கு. செஞ்சவன் கைகாரன்" என்றார். மேடையில் வாசித்தவரைக் கேட்டு நான் வியந்துகொண்டிருக்க, அவர் அதனைச் சக்கரத்தில் வனைந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடத்தின் சுதி பெரும்பாலும் வனையும்போதும் சுடும்போதுமே உறுதியாகிவிடுகிறது. தோற்கருவியைப்போல வாரை இறுக்கி அதனை உயர்த்த முடியாது. ஆதலின் வெவ்வேறு சுதிக்கு வெவ்வேறு குடங்கள் வேண்டும். வைகைக்கரை மானாமதுரைக் குயவர்கள் இக்கலையில் பெயர்பெற்றவர்கள். இத்தனை தொகுப்புகளைக் கேட்டும் அவர்களைப் பற்றி ஓர் எண்ணம் எனக்கு எழுந்தது அத்தாவின் அச்சொல்லுக்குப் பின்னரே.

பின்னாளில் விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் கிரேட்ஃபுல் டெட் என்னும் ராக் குழுவின் முரசுக் கலைஞர் மிக்கி ஹார்ட்டுடன் இணைந்து 'பிளானட் டிரம்' (1991) என்னும் தொகுப்பை உருவாக்கினர். உலக இசைத் தொகுப்புக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருது அதற்கே கிடைத்தது. மீண்டெழுந்த சக்தி குழுவில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் இடம்பெற்றார். அக்குழுவின் 'திஸ் மோமெண்ட்' (2023) 2024இல் கிராமி விருது பெற்றது. சங்கர் மகாதேவனின் குரல் அதில் முன்னே நிற்கிறது. குரல் நன்று; ஆயினும் பாடகர் முன்வந்ததும் ஏனையோர் அரையடி பின்சென்றனர் என்றே என் செவிக்குப் படுகிறது. அவ்வாண்டு திசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்தார்.

கேட்க விரும்பும் மாணவர்கள் முதல் தொகுப்பின் நடுவிலுள்ள சிறு உருப்படியாகிய 'லோட்டஸ் ஃபீட்'டில் தொடங்கலாம். ஐந்து நிமிடமும் ஆகாது, விரைவும் இல்லை. பெரியோர் அருகில் இருப்பின் ஒலியைச் சற்றுக் குறைத்து வைத்துக் கேட்பீராக. கடத்தின் ஒலி அப்போதும் தெளிவாகக் கேட்கும்.