கடலோடியும் காற்றுச் செய்தியும்

நம்மவரிற் சிலர் பாய்க்கப்பல் ஏறுமுன் தேங்காயுடைத்து வாயுபகவானை வேண்டுவர். வேறு சிலரோ, பூமத்திய ரேகைக்கு 5 பாகைக்குள் புயல் பிறவாதென்று புத்தகமே கூறுவதாகச் சொல்லிக் கவலையற்றிருப்பர். பின்னவரைப் படித்தவர் என்கிறோம். எனக்கோ இருவரும் ஒருவரே.

பூமி சுழல்வதனாற் காற்றுக்கு உண்டாகும் திருப்பம் ரேகையருகே மிகச் சொற்பம். அஃதின்றிப் புயல் சுழலாது. புத்தகத்தின் நியாயம் இதுவே. எனினும் 2001 டிசம்பர் இறுதியில், தென்சீனக் கடலின் ஒடுங்கிய தென்கோடியில் வடகிழக்குப் பருவக்காற்று பாய்ந்து, போர்னியோப் பக்கமிருந்து நகர்ந்து வந்த சுழலொன்றை முறுக்கேற்றிவிட்டது. 'வாமெய்' என்னும் அப்புயல் சுமார் 1½ பாகையிலேயே உருவாகி, 27-ந் தேதி ஜொகூரின் கீழ்க்கரையில் ஏறிற்று.

ஆதலின் அக்கரையோரம் பாய்விரிக்குமுன் கடல்வானிலை அறிக்கையை வானொலியிற் கேட்டுக் குறித்துக்கொள்வேன்; பாரமானியையும் மணிதோறும் பார்ப்பேன். உடன் வருவோர் நகைப்பதுண்டு. நகைக்கட்டும், அவர்கள் உயிரும் அப்படகில்தான் இருக்கிறது. இப்பக்கத்தில் காற்றழுத்தம் பகலிலும் இரவிலும் ஏறக்குறைய 10 மணிக்கு உயர்ந்து, 4 மணிக்குத் தாழ்வது தினசரி வழக்கம். அவ்வழக்கந் தப்பி இறங்கிக்கொண்டே போனால் துறைமுகம் திரும்புவேன்.

'சுமத்திரா' என்று மாலுமிகள் அழைக்கும் திடீர்ச் சூறைக்கோ பாரமானி உதவாது. காற்று அறைந்த பின்னரே அது துள்ளும். விடியுமுன் மேற்கே கரிய மேகவரிசை தென்பட்டால் உடனே பாயைச் சுருக்கிவிடவேண்டும்.