அரம் போடுகிற கை

சாதி ஒட்டாத தொழில் என்று ஒன்று உண்டா? கூட்டங்களில் மாணவத் தோழர்கள் இதைக் கேட்கிறார்கள். செருப்புக்கு ஒரு சாதி, பறைக்கு ஒரு சாதி, சவரக் கத்திக்கு ஒரு சாதி என்று பங்கு வைத்த சமூகம் இது. ஆனால் பெட்ரோலில் ஓடுகிற செயின் ரம்பத்துக்கு மநுவிலும் இடமில்லை, புராணத்திலும் இடமில்லை. ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஸ்டில் என்பவர் 1929இல் பெட்ரோல் ரம்பத்தைச் செய்து விற்றார். சாதி என்றால் என்னவென்றே தெரியாமல் பிறந்த மிஷின். அது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வந்து சேர்ந்ததும் நம்ம ஊர் புத்தி அதற்கும் வந்துவிட்டது. மிஷினைத் தூக்குகிறவன் ஒருத்தன். அதற்குச் சொந்தக்காரன் இன்னொருத்தன். அதைத் திறந்து பார்க்கிற உரிமை மூன்றாவது ஆளுக்கு.

எங்கள் பக்கம் மலையடிவாரம் முழுக்க மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். காய்ப்பு நின்ற தென்னை, வயசான மா, கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம் என்று வெட்டு வேலை எப்போதும் இருக்கும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது, எங்கள் தெருவில் மிஷின் பிடிக்கத் தெரிந்த ஆள் ஒருத்தரும் பகலில் வீட்டில் இல்லை. நான் அறிந்த வெட்டுக் குழுக்களில் தோப்பு பிறருடையது, லாரி பிறருடையது, மரத்தடியில் நிற்கிறவர்கள் சேரிக்காரர்கள். கூலி பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, மிஷினுக்கு ஒரு பங்கு. மிஷினுக்கு வயிறு கிடையாது, பிள்ளைகுட்டி கிடையாது. ஆனாலும் அதற்குப் பங்கு உண்டு. அது காண்டிராக்டர் பைக்குப் போகும்.

அந்தப் பங்கை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் சொந்த மிஷின் வேண்டும். புதுசாகக் கம்பெனி மிஷின் வாங்கப் பல மாதக் கூலி வேண்டும். எங்களுக்குக் கிடைப்பது பழசுதான். பழசு ஓடுகிற வரைக்கும் நாம் நம் வேலைக்குப் போகலாம். அது நின்றுபோனால் மறுநாள் வெள்ளனக் காண்டிராக்டர் வாசலில் போய் நிற்க வேண்டும். ரிப்பேர் வேலையை நான் அரசியலாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

என் மாமா வைத்திருப்பது ஸ்டில் 070. 106 சிசி. பார், செயின் மாட்டாமலே பத்துக் கிலோவுக்குக் குறையாது. ஒரு மரக்கடையில் கழித்துப் போட்டதை விலை பேசி வாங்கினார். முதல் தடவை ரிப்பேருக்குக் கொண்டுபோன கடையில் மிஷினை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். அவரை வாசல்படிக்குக் கீழே நிற்கச் சொன்னார்கள். அவர் தோளில் சுமந்து வந்த மிஷினுக்கு இல்லாத தீட்டு அவருக்கு இருந்தது.

"படிக்குக் கீழ நின்னா என்ன மாப்ள, கண்ணு உள்ள போகாதா? மூணு மாசம் போய்ப் போய் நின்னேன். நாலாவது மாசம் வேப்பமரத்தடியில சாக்க விரிச்சு நானே பிரிச்சுப்புட்டேன்" என்பார்.

மிஷினில் பாதி வியாதி செயினில்தான் என்பது அவர் கணக்கு. தென்னை அறுத்தால் செயின் சீக்கிரம் மழுங்கும். நாரும் கடினம், தூரில் ஒட்டின மண்ணும் பல்லைத் தின்னும். அறுக்கும்போது துருவல் துருவலாக விழுந்தால் பல் நன்றாக இருக்கிறது. மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது. மழுங்கின செயினை அழுத்தி அறுத்தால் பாரும் தேயும், கிளட்சும் சூடாகும், ஆள் இடுப்பும் போகும். செயினுக்கு ஏற்ற உருண்டை அரம் வேண்டும். 3/8 செயினுக்கு 5.2 மில்லி, 404 செயினுக்கு 5.5 மில்லி. முப்பது டிகிரி சாய்வு.

"அரம் முன்னால போகையிலதான் தேய்க்கணும். திரும்பி வரையில தூக்கிரணும். ஒரு பல்லுக்கு மூணு இழுப்புன்னா அத்தனை பல்லுக்கும் மூணு இழுப்பு. ஒரு பக்கம் நெட்டையும் ஒரு பக்கம் குட்டையுமா விட்டா மரத்துக்குள்ள கோணிக்கிட்டுப் போயிரும்."

பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். அது பல்லைவிட 0.65 மில்லி தாழ இருந்தால் போதும். வேகமாக அறுக்கட்டும் என்று அதை ராவி இறக்குகிறவர்கள் உண்டு. அப்புறம் செயின் மரத்தைக் கவ்விக்கொண்டு ஆளை உதறும்.

இஞ்சின் கோளாறு என்றால் முதலில் பிளக்கைக் கழற்றுவார். காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சுகம். கறுத்து நனைந்திருந்தால் ஆயில் அதிகம், இல்லாவிட்டால் ஏர் பில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்திருந்தால்தான் ஆபத்து. பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது எங்கேயோ காற்றை இழுக்கிறது. பழைய மிஷினில் பெரும்பாலும் கிராங்க் ஆயில் சீல் தேய்ந்திருக்கும். அதோடு ஓட்டினால் பிஸ்டன் கீறல் விழுந்து சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். சின்ன ரப்பர் சீலைக் கவனிக்காதவன் சிலிண்டர் செட்டையே மாற்ற நேரும்.

இப்போது பெட்ரோலே ஒரு தொல்லையாகிவிட்டது. 2025க்குள் நாடு முழுக்கப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய மிஷினின் ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் டயாப்ரத்தையும் கெடுக்கும். புது வண்டி வாங்குகிறவர்களை நினைத்துத் திட்டம் போடுகிறார்கள். பழசை வைத்துப் பிழைக்கிறவனை யாரும் கேட்கவில்லை. மாமா தன் பாட்டுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குவார், லிட்டருக்கு 40 மில்லி ஆயில். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதும் தீர்ந்து தானாக நிற்கிற வரைக்கும் ஓடவிடுவார்.

இதையெல்லாம் சொல்லிப் பழைய மிஷினைக் கொண்டாட நான் வரவில்லை. அது ஆளைக் கொல்லும். பழைய 070கள் பலவற்றில் செயின் பிரேக் கிடையாது. பாரின் மூக்கு எதிலாவது பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும். அதிர்வு வருசக்கணக்கில் விரல் நரம்பைத் தின்னும். மாமாவுக்குக் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். ஏகலைவனிடம் கட்டைவிரல் கேட்கத் துரோணர் வேண்டியிருந்தது. இங்கே கேட்காமலே போகிறது.

அடிபட்டால் இன்னொரு சூதும் இருக்கிறது. காண்டிராக்டர் மிஷினில் கால் போனால் அவரிடம் நாலு பேர் போய்க் கேட்கலாம். சொந்த மிஷினில் போனால் "அவன் மிஷின், அவன் பொறுப்பு" என்று எழுந்து போய்விடுவார். தொழிலாளிக்கு இழப்பீடு என்ற சட்டம் 1923லேயே வந்தது. ஆனால் சட்டம் வேலைக்கு வைத்தவன் யார் என்று கேட்கும். தோப்பில் யாரும் வேலைக்கு வைத்ததாகக் காகிதம் கிடையாது. பங்கு நம் வீட்டுக்கு வந்த அதே வழியில் ஆபத்தும் முழுசாக நம் வீட்டுக்கு வந்துவிட்டது.

சந்தேகமும் வந்தது. மலைப்பக்கம் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. காடு காக்கப்பட வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பட்டா மரத்தை அறுத்துவிட்டு வருகிறபோதும், லாரியில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு மிஷினைத் தோளில் வைத்து நடக்கிறவனைத்தான் நிறுத்துகிறார்கள். தலித் வீட்டில் ஒரு பொருள் இருந்தாலே கண் உறுத்துகிற நாடு இது. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது நம் ஜனம் உழைத்து வாங்கிய டி.வி.யையும் பேனையும் உடைத்ததை மறந்துவிட முடியுமா?

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே படிப்படியாக அடுக்கிவைத்தது என்று 1936இல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். வாசல்படி அந்த அடுக்குதான். உள்ளே இருக்கிறவர் மெக்கானிக், படிக்குக் கீழே நிற்கிறவர் கூலி. கைவேலை இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தாலும் பெயர் வேறு.

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சாக்கைச் சுற்றி இப்போது ஏழெட்டுப் பேர் உட்காருகிறார்கள். இரண்டு அரம் செட்டும் பிளக் ஸ்பேனரும் பொதுவில் வாங்கி வைத்திருக்கிறோம். மாமா சொல்வதை அவர் வார்த்தையிலேயே நான் நோட்டில் எழுதி வருகிறேன். ஐ.டி.ஐ. சான்றிதழ் இல்லாத இந்த அறிவுக்கு ஒரு புத்தகமாவது இருக்கட்டும். கூடவே ஒரு ஒப்பந்தத் தாளும் தயார் செய்திருக்கிறோம். மரம் யாருடையது, வெட்டச் சொன்னது யார், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று மூன்றே கேள்வி. மிஷின் யாருடையதாக இருந்தாலும் அதில் கையெழுத்துப் போடாத தோப்பில் கயிற்றை இழுப்பதில்லை என்று குழுவில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். மற்ற ஊர்த் தோழர்கள் கேட்டால் தாளின் நகலை அனுப்பிவைக்கிறோம்.